21ஆம் எண் ஜெர்சி

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடுகின்றனர். பல்லாயிரம் பேர் பார்க்கின்றனர். ஆடுகிறவர்களைப் பற்றி எழுதியோர் பலர். பார்க்கிறவர்களின் மனத்தைப் பற்றி எழுதியோர் சிலரே. பல ஆண்டுகள் ஓர் அணிக்காக ஆடி, மக்களின் அன்பைப் பெற்ற ஒருவர் அவ்வணியை விட்டு வேறோர் அணிக்குப் போகும்போது இரசிகர்கள் அழுகிறார்கள், சிலர் வசைபாடுகிறார்கள். அந்த அழுகைக்கு நியாயம் உண்டா? அந்த வசைக்கு நியாயம் உண்டா? நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

"இதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இந்நிகழ்ச்சியின் பிற்பகுதி பெண்களைப் பற்றியதே ஆகும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்குக் கால்பந்து புதிதன்று. தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் கடல்மணலே மைதானம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பந்தை உதைக்கவும் தெரிந்திருக்கும். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள். மாநில எல்லை மாறினாலும் பழக்கங்கள் மாறிவிடவில்லை. தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் இன்றும் கொச்சித் துறைமுகத்திலிருந்தே தொழிலுக்குப் போகின்றனர். ஆகவே, கொச்சியைத் தாயகமாகக் கொண்ட 'கேரளா பிளாஸ்டர்ஸ்' கழகத்தின் மஞ்சள் ஜெர்சியை நம் ஊர்ப் பையன்கள் அணிந்து திரிவதில் வியப்பொன்றுமில்லை.

இக்கழகம் 2014ஆம் ஆண்டில், இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் தொடங்கியபோது பிறந்தது. அவ்வாண்டே அதில் சேர்ந்தார் சந்தேஷ் ஜிங்கன். 1993இல் பிறந்த இவருடைய ஊர் சண்டிகர். மலையாளம் அவர் தாய்மொழியன்று. கேரளத்தோடு முன்பு தொடர்பும் இல்லை. அவர் ஆடியது தடுப்பாட்டம். கோல் அடிப்பவருக்குக் கிடைக்கும் புகழ் தடுப்பவருக்குக் கிடைப்பது அரிது. சமையற்கட்டில் நிற்பவரின் பெயர் அழைப்பிதழில் வராததுபோல. அப்படியிருந்தும் கொச்சியின் கலூர் மைதானத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பெருங்கூட்டம் முழங்கியது. ஏன்?

அவர் நிலைத்து நின்றார் என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கழகத்தில் பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறினர். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒரு பருவம் ஆடிவிட்டு விமானம் ஏறினர். 2014, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணி இறுதிப்போட்டி வரை சென்று, இருமுறையும் கொல்கத்தா அணியிடமே தோற்றது. இரண்டாவது தோல்வி கொச்சியில், சொந்த மக்கள் முன்னிலையில், பெனால்டி உதைகளில் நேர்ந்தது. அத்தனை மாற்றத்திலும் அத்தனை தோல்வியிலும் 21 என்ற எண்ணை முதுகில் தாங்கிய இந்தச் சண்டிகர்க்காரர் மாறாமல் இருந்தார். பிறகு அணித் தலைவரும் ஆனார். வெற்றியைக் கொண்டாட வருபவரைவிடத் தோல்வியில் உடனிருப்பவரை நம் மக்கள் சொந்தக்காரராக எண்ணுவது வழக்கம்.

2019 அக்டோபரில், இந்திய அணிக்கான பயிற்சி ஆட்டமொன்றில் அவருக்கு முழங்காலில் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. இரசிகர்கள் காத்திருந்தனர். 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. மே மாதத்தில் கழகத்தின் அறிவிப்பும் வந்தது: இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிகின்றனர், ஜிங்கனுக்கு மரியாதையாக 21ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வு அளிக்கப்படுகிறது, இனி எவரும் அதை அணியமாட்டார்.

ஒருவர் ஓர் அணியை விட்டுப் போவது எப்படி நடக்கிறது என்பதை இங்கே தெரிந்துகொள்வது நலம். ஆட்டக்காரருக்கும் கழகத்துக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தக் காலத்திற்குள் வேறொரு கழகம் அவரை விரும்பினால், பழைய கழகத்துக்குப் பணம் கொடுத்துத்தான் அழைத்துக்கொள்ள வேண்டும். காலம் முடிந்துவிட்டால் அவர் சுதந்திர மனிதர். இது நமக்கு வெகு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஐரோப்பாவிலேயே 1995 வரை பல நாடுகளில் நிலைமை வேறாக இருந்தது. பெல்ஜியம் நாட்டின் லியேஜ் கழகத்தில் ஆடிய ழான் மார்க் போஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. பிரான்சு நாட்டுக் கழகம் ஒன்றுக்குப் போக விரும்பினார். ஒப்பந்தமே இல்லாதபோதும் பழைய கழகம் பணம் கேட்டது. அவரால் போக முடியவில்லை. வழக்காடினார். 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று ஆட்டக்காரர்கள் அனுபவிக்கும் உரிமையில் அந்த ஒரு மனிதரின் இழப்பும் இருக்கிறது.

"அந்தக் காலத்தில் இப்படியா? சுனி கோஸ்வாமி ஒரே கழகத்தில் இருக்கவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவரான சுனி கோஸ்வாமி, சிறுவனாக 1946இல் மோகன் பகானில் சேர்ந்து, 1968இல் ஓய்வு பெறும்வரை அதை விட்டு அகலவில்லை. ஆனால் அவருக்கு வங்கியில் உத்தியோகம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அக்காலத்து ஆட்டக்காரர் பலருக்கும் சோறு போட்டது வேலை. கழகத்துக்குக் கொடுத்தது அன்பு. இன்றைய ஆட்டக்காரருக்குக் கழகமே வேலை. அதுவும் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் வேலை. விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி அடுத்த ஆண்டு வேறொரு படகில் ஏறினால், நம் கடற்கரையில் யாரும் அவரைத் துரோகி என்பதில்லை. இதை நினைவில் கொண்டால் ஜிங்கன் போனதில் குற்றம் காண இயலாது.

குற்றமில்லை என்பதால் துக்கமும் இல்லை என்று ஆகிவிடுமா? மே மாதம் வந்தால் நம் பள்ளிகளிலும் பங்குகளிலும் என்ன நடக்கிறது என்பதை மாணவியர் அறிவர். ஓர் அருட்சகோதரிக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. போவது அவருடைய கடமை; அழைத்தது அவருடைய சபை. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாசலில் நின்று அழுகிறோம். புனித பவுல் எபேசு நகரில் மூன்று ஆண்டுகள் உழைத்தபின் விடைபெற்ற காட்சியைத் திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரம் விவரிக்கிறது. மிலேத்து துறைமுகத்தில் அந்த மூப்பர்கள் அவரைக் கட்டித் தழுவி அழுதனர். இனித் தம் முகத்தைக் காணமாட்டீர்கள் என்று அவர் சொன்னதே அவர்களை மிகவும் வருத்தியது. பிறகு கப்பல் வரை உடன்சென்று வழியனுப்பினர். திருத்தூதரின் சீடர்களே அழுதார்கள் என்றால், கலூர் மைதானத்து இளைஞர்கள் அழுததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கப்பல் வரை உடன்சென்றார்கள் என்பது சின்னச் செய்தி போலத் தோன்றும். ஆயினும் எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. ஜிங்கனின் இரசிகர்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. ஓராண்டாக அவர் ஆடவில்லை. ஊரடங்கில் மைதானம் பூட்டிக் கிடந்தது. கடைசி ஆட்டம் என்று ஒன்று இல்லை, கையசைத்து அனுப்பும் மாலை என்று ஒன்று இல்லை. 2021 ஆகஸ்டு 8ஆம் நாள் மெஸ்ஸி பார்சிலோனா கழகத்திலிருந்து விடைபெற்றபோதும் ஏறக்குறைய இதே நிலைதான். பதின்மூன்று வயதில் அங்கே வந்தவர், 34 வயதில் செய்தியாளர் முன்னிலையில் கண்ணீர் விட்டார். இரசிகர்கள் நிறைந்த மைதானத்தில் விடைபெற அவருக்கும் கொடுத்துவைக்கவில்லை. வழியனுப்பாத பிரிவு ஆறாமல் கிடக்கும். பிற்பாடு நடந்தவற்றுக்கு இதுவும் ஒரு காரணமோ என எண்ணுகிறேன்.

2020 செப்டம்பரில் ஜிங்கன் சேர்ந்த இடம், இருமுறை கேரளத்தைத் தோற்கடித்த அதே கொல்கத்தா கழகத்தின் வழிவந்த ஏ.டி.கே. மோகன் பகான். அவ்வாண்டுப் பருவத்தின் முதல் ஆட்டமே, நவம்பர் 20ஆம் நாள், இவ்விரு அணிகளுக்கும் இடையே அமைந்தது. பார்வையாளர் இல்லாமல் கோவாவில் நடந்தது. மோகன் பகான் 1-0 என வென்றது. அன்று கொல்கத்தா அணியில் ஆடிய மற்றொருவர் நம் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ். முதற்பாதியிலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார்; அந்தப் பருவமே அவருக்கு முடிந்துபோயிற்று. குமரிக் கடற்கரையில் மஞ்சள் ஜெர்சியோடு தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவரின் மனம் அன்று யார் பக்கம் இருந்திருக்கும்? சூசைராஜ் சென்னை சிட்டியிலிருந்து 2018இல் ஜாம்ஷெட்பூர் போனார். 2019இல் கொல்கத்தா போனார். ஒவ்வொரு முறையும் "நம்ம பையன் பெரிய இடத்துக்குப் போறான்" என்றுதானே ஊர் மகிழும்? அங்கே அன்பு ஆள்மேல் வைத்த அன்பு. ஆள் போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. கொச்சியில் அன்பு ஜெர்சிமேல் வைத்த அன்பு. ஆள் போய்விட்டால் ஜெர்சியோடு தங்கிவிடுகிறது.

இனி அந்தப் பிற்பகுதிக்கு வருவோம். 2022 பிப்ரவரி 19ஆம் நாள் இரு அணிகளும் மீண்டும் மோதின. கேரளம் 2-1 என முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் கொல்கத்தா சமன் செய்தது. மைதானத்தை விட்டு வரும்போது ஜிங்கன், பெண்களோடு ஆடிவிட்டு வருவதாக இந்தியில் சொன்னது ஒளிப்பதிவில் விழுந்தது. எதிரணி ஆண்களை இழிவுபடுத்த அவர் தேடி எடுத்த சொல் 'பெண்கள்'. கொதித்தெழுந்தனர் இரசிகர்கள். ஓய்வளித்த 21ஆம் எண்ணைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கோரினர். ஜிங்கன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர்மீது மட்டுமின்றி, அவர் குடும்பத்தார்மீதும் வசைமாரி பொழிந்தது. சமூக ஊடகக் கணக்குகளை அவர் முடக்கிவிட்டார். 2022-23 பருவத்தில் பிஜோய் வர்கீஸ் என்ற இளைஞர் 21ஆம் எண் அணிந்தார்.

இங்கே இரண்டு நூல்கள் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும். ஜிங்கன் சொன்னது தவறு. அதைக் கண்டித்தது சரி. 2018இல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தேசிய மகளிர் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பெண்களின் ஆட்டத்தைப் பார்த்த எவரும் அச்சொல்லை ஒரு வசையாகக் கருதமாட்டார். ஆனால் கண்டித்தவர்களில் எத்தனை பேர் பெண்களுக்காகக் கோபித்தனர்? எத்தனை பேர், விட்டுப் போனவர்மேல் ஈராண்டாக அடக்கி வைத்திருந்த கோபத்தை அவிழ்க்கக் காரணம் கிடைத்தது என்று கோபித்தனர்? பெண்களை இழிவுபடுத்தியதற்காகச் சினந்து, அதே சினத்தில் அவர் வீட்டுப் பெண்களையே வைதவர்கள் முதல் வகையினர் அல்லர் என்பது மட்டும் தெளிவு.

அதே 2022இல் கேரளா பிளாஸ்டர்ஸ் ஒரு மகளிர் அணியைத் தொடங்கியது. 2023 மார்ச் 3ஆம் நாள் பெங்களூரில் நடந்த ஆட்டத்தில், நடுவரின் தீர்ப்பை எதிர்த்து ஆண்கள் அணி பாதியில் வெளியேறியது. (அந்தப் பருவத்தில் ஜிங்கன் இருந்ததும் பெங்களூரு அணியில்தான்.) அதற்காக அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஜூன் மாதம் கழகம், அபராதத்தால் வந்த பணநெருக்கடியைக் காட்டி, மகளிர் அணியைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. வெளியேறியது ஆண்கள், வேறு கழகம் தேட வேண்டி வந்தது பெண்களுக்கு.

அந்த மகளிர் அணியில் ஆடியவர்களில் மூவருடைய பெயரையும், அதன்பின் அவர்கள் எங்கே ஆடினார்கள் என்பதையும் தேடி எழுதிக் கொணருமாறு மேல்வகுப்பு மாணவியரைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அண்ணன் தம்பிமார் கால்பந்து பார்ப்பவர்களாயின், முதலில் அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.