பூட்டு ஒன்று போதுமா?

கேள்வி: குளிர்காலம் முடியும்வரை மீன்பிடிப் படகை டிரெய்லரோடு வீட்டு வாசலில்தான் விட்டுவைக்கிறேன். கொக்கியில் பூட்டுப் போட்டிருக்கிறேன். அது போதுமா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: போதாது. திருடன் தன் வண்டியோடுதான் வருவான்; மாட்டி இழுத்துப் போக இரண்டு நிமிடம் போதும். கொக்கியை மூடிப் பூட்டினாலும், அதை வண்டியின் இழுவைக் குண்டின்மேல் வைத்துச் சங்கிலியால் கட்டி இழுத்துவிடலாம். எனவே குண்டு உட்காரும் குழியையே அடைக்கும் பூட்டு வாங்குங்கள்.

அதைவிட நல்ல வழி, சக்கரங்களைக் கழற்றுவது. சட்டத்துக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுத்து, சக்கரங்களை வீட்டுக்குள் வையுங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று டயர் கெடுவதும் தவிரும். பேரிங்குக்குக் கிரீஸ் போடவும் வசதி. கழற்ற முடியாவிட்டால் சக்கரப் பூட்டு போடுங்கள்.

கொக்கிப் பக்கம் சுவரைப் பார்க்கட்டும். பின்பக்கத்தைக் காரால் மறித்துவிடுங்கள். சங்கிலி கட்டினால் தரையில் கிடக்க விடாதீர்கள். வெட்டுகருவியைத் தரையில் ஊன்றி அழுத்த அது வாகாகிவிடும்.

டிரெய்லரின் 17 இலக்க அடையாள எண்ணையும், படகின் உடற்பகுதி எண்ணையும், என்ஜின் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். காணாமல் போனால் காவல்துறையும் காப்புறுதிக்காரரும் முதலில் கேட்பது அவற்றைத்தான். எந்தப் பூட்டும் உடையும். உடைக்க நேரமாகும் என்று தெரிந்தாலே பாதித் திருடர்கள் நடையைக் கட்டுவார்கள்.