பழைய கார் சீட்டுக்குப் புது உறை

அம்பாசிடர், மாருதி 800 போன்ற பழைய கார்களில் முதலில் நைந்துபோவது ஓட்டுநர் சீட்டின் கதவோர விளிம்புதான். ஏறி இறங்கும்போதெல்லாம் உரசுகிறதே! ரெக்சின் வாங்கும் முன் சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தாலோ, ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, மேலுறையை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பழைய உறையைக் கிழித்து எறிய வேண்டாம். தையலைப் பிரித்து, துண்டுகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு வைத்தால் அதுவே வெட்டும் அளவு. தைக்கத் தடித்த பாலியெஸ்டர் நூல் நல்லது. பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடும். புது ரெக்சினைச் சற்று வெயில் காட்டி இழுத்துப் பொருத்தினால் சுருக்கம் விழாது.

சிறு கிழிசலுக்கு உள்பக்கம் துணி வைத்து ரப்பர் பசை போதும். நொடியில் ஒட்டும் பசை இறுகி வெடிக்கும்.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள். சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள்.