சிசுக்களுக்கான பால்பொடியும் அதன் பரிசோதனையும்

தாய்ப்பாலுக்கு நிகரான உணவு சிசுவுக்கு வேறில்லை. எனினும் தாயை இழந்த குழந்தைகளுக்கும், தாய்க்குப் பால் போதாத இடத்தும், பசும்பாலினின்று செய்யப்படும் பால்பொடியே பெரும்பாலும் ஆதாரமாகின்றது. அப்பொடி மாட்டுக் கொட்டிலிலிருந்தே புறப்படுகிறபடியால், அதைப் பரிசோதிக்கும் வகையைக் குடியானவர்களும் ஒருவாறு அறிந்திருத்தல் அவசியம்.

சில வாரங்களே நிரம்பிய குழந்தை, தன் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் பால் அருந்துகின்றது. 60 கிலோ எடையுள்ள ஆள் இதே வீதத்தில் குடிப்பதாயின் 9 லிட்டர் குடிக்க வேண்டும். நாமோ பல பண்டங்களை மாற்றி மாற்றி உண்கிறோம். சிசுவுக்கு அந்த ஒரு டப்பாவே மூன்று வேளையும் ஆகாரம். ஆகவே பெரியோருக்குத் தீங்கு செய்யாத அளவும் சிசுவுக்குத் தீங்காகலாம்.

இதை உத்தேசித்தே ஐரோப்பிய ஒன்றியத்தில், குடிக்கும் பதத்தில் கரைத்த பாலில் பூச்சிகொல்லி மருந்து எதன் எச்சமும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று பொதுவிதி வகுத்துள்ளனர். 1 லட்சம் கிலோ பாலில் 1 கிராம் என்பது இதன் கணக்கு. இத்துணைச் சிறிய அளவைக் காண, பொடியை நீரிற் கரைத்து, அசிட்டோநைட்ரைல் என்னும் திராவகத்தால் மருந்தின் எச்சத்தைப் பிரித்தெடுத்து, கூட வரும் கொழுப்பை நீக்கி, பின்னர் குரோமட்டோகிராப் என்ற கருவியில் செலுத்துகின்றனர். அதில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளிப்படும். வெளிப்பட்டதன் மூலக்கூற்றின் நிறையைக் கொண்டு மற்றொரு கருவி அதை இன்னதென்று காட்டும். கொழுப்பை நீக்குவதே இதில் கடினமான வேலை, டி.டி.டி. போன்ற மருந்துகள் கொழுப்பிலேயே தங்குவனவாதலால், அதனோடு மருந்தும் போய்விடாதபடி பார்த்தல் வேண்டும்.

எந்தப் பரிசோதனையும் தான் தேடுவதையே காணும். 2008-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் நேர்ந்தது இதற்குச் சான்று. பாலின் புரதத்தை நேராக அளவாமல், அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்கிக் கணிப்பது 1883-இல் கெல்டால் என்பவர் கண்ட முறையைத் தழுவிய வழக்கம். பாலில் நீரைக் கலந்தோர், குறைந்த புரதத்தை மறைக்க மெலமைன் என்னும் இரசாயனப் பொருளைச் சேர்த்தனர். அதன் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். கணக்கில் புரதம் நிறைந்தது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் விளைந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற, 6 குழந்தைகள் மாண்டதாக அந்நாட்டுச் சர்க்கார் கணக்கிட்டனர். லாக்டோமீட்டர் ஒன்றையே நம்பிப் பால் வாங்கும் சங்கத்தார் இதைச் சிந்திக்க வேண்டும். நீர் கலந்த பாலில் சர்க்கரையோ உப்போ இட்டால் அக்கருவியும் ஏமாறும்.

இனி நம் கையிலுள்ள விஷயம் யாதெனில் பிண்ணாக்கு. 1960-இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூசணம் பிடித்த நிலக்கடலைத் தீவனமே காரணமெனப் பின்னர்த் தெரிந்தது. அப்பூசணத்தின் விஷமாகிய அப்ளாடாக்ஸினைப் பசு உண்டால், அதன் ஒரு பகுதி உருமாறி ஒரு நாளைக்குள் பாலில் இறங்குகின்றது. காய்ச்சினாலும் பொடியாக்கினாலும் அது ஒழிவதில்லை. நம் நாட்டில் பாலுக்கு விதித்த வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் சிசுக்களின் பாலுக்கு 0.025.

கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாட்களில் பால் தெளிந்துவிடும் என்பது நமக்கு அனுகூலம். கடலையைப் பறித்தவுடன் நன்கு உலர்த்துக. பிண்ணாக்கைச் சுவரில் சாயாமல் பலகைமேல் அடுக்குக. பூசணத்தைத் துடைத்தெடுத்துக் கறவைக்கு வைப்பாருளர். துடைத்தாலும் விஷம் உள்ளே நிற்குமாதலால் அது கூடாது. மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலை, மிருக வைத்தியர் குறிக்கும் நாள் கழியும்வரை சங்கத்துக்கு ஊற்றலாகாது.