மூன்று தீபாவளி போயிற்று, பாட்டுப் பெட்டி வரவில்லை

கேள்வி: கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானா பக்கம் குடியிருக்கும் வாசகர் ஒருவர், வீட்டு ஹை-ஃபைக்கு மியூசிக் சர்வர் வாங்க 2023 பிப்ரவரியில் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் சொல்லிவைத்தார். விலை 22,000 ரிங்கிட். பாதியை அன்றே பேங்க் வழியாக அனுப்பிவிட்டார். ‘ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம்’ என்றார் கடைக்காரர். 2025 தீபாவளியும் கழிந்துவிட்டது. ஜப்பானில் சிப் ஃபேக்டரி எரிந்துவிட்டது, தயாரிப்பாளர் அனுப்பவில்லை, கப்பல் தாமதம் என்று தடவைக்கு ஒரு காரணம் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘டெபாசிட் திரும்பாது’ என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: கடிதம் ஆறு பக்கம். அதில் நான்கு பக்கம் பாட்டைப் பற்றியது. அப்பா சேர்த்துவைத்த எம்.எஸ்.வி., இளையராஜா குறுந்தட்டுகளையெல்லாம் ஒரே பெட்டியில் ஏற்றி, நாற்காலியை விட்டு எழாமல் கைப்பேசியிலேயே தேடிப் போட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை. படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. வழக்கைத் தீர்மானிக்கப்போகும் விஷயமோ ஐந்தாம் பக்க ஓரத்தில் நுணுக்கி எழுதப்பட்டிருக்கிறது. 2023 மே மாதம் வாசகர் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி அது: ‘பரவாயில்ல அண்ணே, தீபாவளிக்குள்ள வந்தா போதும்.’

எட்டு வாரக் கெடு அந்த வரியோடு போயிற்று.

குறித்த நாளில் முடிப்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இரு தரப்பும் கருதியிருந்தால், நாள் தவறியதும் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமை மற்றவருக்கு உண்டு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்வது அதுதான். ஆனால் நாள் தவறிய பிறகும் ‘சரி, கொண்டுவாருங்கள்’ என்று பேச்சை நீட்டியவர், அந்த உரிமையைத் தானே தள்ளிவைத்தவர் ஆகிறார். சிம் சியோ ஹுவாட் எதிர் வோங் டெட் ஃபுய் என்ற கட்டுமானத் தகராறில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தீர்ப்பு 1983 மலாயன் லா ஜர்னலில் வெளியானது. கெடு தாண்டியும் ஒப்பந்தம் உயிரோடு இருப்பதுபோல் நடந்துகொண்டால் காலக்கெடு கலைந்துவிடும். எனினும் புதிய நாள் குறித்து எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்தால் அதை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். வாசகருக்கு நல்ல செய்தி இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.

நோட்டீஸ் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ரிக்கார்ட்ஸ் எதிர் ஓப்பன்ஹைம் வழக்கைப் பார்க்கலாம். ஓப்பன்ஹைம் தம் ரோல்ஸ்-ராய்ஸ் சேசிஸின் மேல் பாடி கட்டித்தரச் சொன்னார். ஆறு மாதம், மிஞ்சினால் ஏழு மாதம் என்பது பேச்சு. 1948 மார்ச்சில் கெடு முடிந்தது. அவரும் நம் வாசகரைப் போலவே பொறுத்தார், விரட்டினார், மீண்டும் பொறுத்தார். கடைசியில் ஜூன் 29 அன்று எழுத்தில் சொன்னார்: ஜூலை 25க்குள் வராவிட்டால் வண்டி வேண்டாம். வண்டி தயாரானது அக்டோபரில். அவர் வாங்க மறுத்தார். விலை கேட்டு எதிர்த்தரப்பு போட்ட வழக்கு 1950இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அத்தனை மாதம் பொறுத்ததை மன்னித்தது, அவர் அனுப்பிய அந்த நான்கு வார நோட்டீஸ்.

நம் வாசகர் அனுப்பியிருப்பவை என்ன? கோபமான குரல்பதிவுகள். சிவப்பு முகப் பொம்மைகள். ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற கேள்வி, பல தடவை. இவற்றில் எதிலும் ‘இந்தத் தேதிக்குப் பிறகு வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்ற வாக்கியம் இல்லை.

காகிதங்களின் கதை இதைவிட மோசம். கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியல், மேசையில் வைத்துக் கைப்பேசியில் எடுத்த படம். அதில் எஸ்எஸ்எம் பதிவு எண் தெரியவில்லை. ரசீது கேட்கவில்லை, ‘தெரிந்த மனுஷன்’ என்பதால். 11,000 ரிங்கிட் போய்ச் சேர்ந்ததோ கடையின் கணக்குக்கு இல்லை, அங்கே வேலை செய்த ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. போதாததற்கு, சென்ற ஆண்டு கைப்பேசி மாற்றியபோது பாதி வாட்ஸ்அப் உரையாடல் போய்விட்டது. இருநூறு வெள்ளி மிக்ஸிக்கு உத்தரவாத அட்டையைப் பத்திரப்படுத்தும் குடும்பங்கள், இருபதாயிரம் வெள்ளிப் பெட்டிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்டு வாங்காதது ஏன் என்று புரியவில்லை. கடைக்காரர் ‘அந்த ஆள் தனியாக வாங்கிய பணம், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று சொன்னால், சம்பந்தத்தை நிரூபிக்க வேண்டியவர் வாசகர். பேங்கில் அந்த மாத ஸ்டேட்மெண்ட்டை இப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். மிஞ்சியிருக்கும் உரையாடலை எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுக்க வேண்டும். கடையின் சட்டப்பூர்வப் பெயரையும் எஸ்எஸ்எம் பதிவில் தேடி எடுக்க வேண்டும்; பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்று, பதிவில் இருப்பது வேறொன்று என்பது சாதாரணம்.

கடைக்காரரின் சாக்குகளுக்கு வருவோம். ஃபேக்டரி எரிந்தது உண்மை. ஹை-ஃபை கருவிகளுக்கான சிப்புகளைச் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை, ஜப்பானின் நொபெயோகா நகரில் 2020 அக்டோபரில் தீப்பிடித்தது. உலகெங்கும் ஒலிக்கருவித் தயாரிப்பாளர்கள் தடுமாறினார்கள். ஆனால் வாசகர் பணம் கட்டியது 2023 பிப்ரவரியில். இரண்டு ஆண்டுக்கு முன் எரிந்த ஆலையை, பிறகு கொடுத்த வாக்குக்குச் சாக்காகச் சொல்வது எடுபடுவது கடினம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சொன்ன காலத்தில், காலம் சொல்லாவிட்டால் நியாயமான காலத்தில், பொருளைத் தர முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. கடைக்காரர் அன்று என்ன தெரிந்து வாங்கினார் என்பதுதான் அங்கே கேள்வி. தயாரிப்பாளர் அனுப்பவில்லை என்பது அவருக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள கணக்கு. டெபாசிட்டைப் பறிப்பதும் வாங்குபவர் வாக்குத் தவறும்போது எழும் பேச்சு. பொருளே தராத விற்பனையாளர் அதைப் பிடித்துக்கொள்வது வேறு விஷயம்.

எங்கே போவது? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு. உச்சவரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. 2019 திருத்தம் அதை 50,000 ஆக்கியது. மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். விசாரணையில் வழக்கறிஞர் யாருக்காகவும் வாதாட முடியாது (வழக்கறிஞர் எழுதும் பகுதியில் இதைச் சொல்வது வேடிக்கைதான்). மன்றத்தின் தீர்ப்பைப் பதினான்கு நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கே இந்தக் கதவு திறக்கும். வாசகர் தம் பெட்டியைக் கல்யாண மண்டப வாடகைக்கு விடும் எண்ணத்தில் வாங்கியிருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

கெடுபிடி ஒன்று உண்டு. உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். எட்டு வாரம் 2023 ஏப்ரலில் முடிந்தது என்று கடைக்காரர் வாதாடினால், 2026 ஏப்ரலில் கதவு சாத்திக்கொள்ளும். தீபாவளிக்கு நீட்டித்ததால் கணக்கு தள்ளிப்போகும் என்று வாசகர் பதில் சொல்லலாம். அந்த வாதத்தில் பணத்தைப் பணயம் வைப்பது அறிவீனம். இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. பொறுமை நல்ல குணம்தான், ஆனால் மூன்றாண்டுக் கணக்கில் அதற்குத் தள்ளுபடி கிடையாது.

ஆகவே இந்த வாரமே, இருக்கும் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்க வேண்டும். நோட்டீஸில் எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது, சொந்தக் கணக்கில் பணம் வாங்கியவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதா என்பதெல்லாம் மூல ஆவணங்களைப் பார்க்காமல் பத்திரிகையில் சொல்லக்கூடியவை அல்ல. பொதுவான விளக்கமாக மட்டுமே இதைக் கொள்ள வேண்டும். இதை வெட்டியெடுத்து நடுவர் மன்றத்தில் கொடுத்துப் பயனில்லை. நோட்டீஸ் பதிவுத் தபாலில் போகட்டும், அதன் ரசீதாவது பத்திரமாக இருக்கட்டும்.

நோட்டீஸ் போவதற்குள் கடைக்காரர் திடீரென்று பெட்டியோடு கிள்ளானுக்கு வந்து நிற்கவும் கூடும். அப்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. தாமதமாக வந்ததை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர், பிறகு தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாமல் போகலாம் என்று அதே 56ஆம் பிரிவு எச்சரிக்கிறது. வாங்குவதென்றே முடிவு செய்தால், ‘தாமத இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன்’ என்று டெலிவரி நோட்டில் கைப்பட எழுதி, தேதி போட்டு, கடைக்காரர் வைத்துக்கொள்ளும் பிரதியிலும் அது விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை உள்ளே விட வேண்டும்.