தவணை போக மாதாமாதம் எவ்வளவு?

டல்லாஸ் பக்கம் வீடு பார்க்கிற நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வட்டி எத்தனை சதவீதத்துக்குக் கிடைக்கும் என்றுதான். 30 வருடத்துக்கு மாறாத வட்டியில் கடன் வாங்கிவிட்டால் அசலும் வட்டியும் சேர்ந்த தவணை கடைசிவரை ஒரே தொகைதான். ஆனால் பெரும்பாலான கடன்களில் சொத்து வரியையும் இன்ஷூரன்ஸையும் வங்கியே மாதாமாதம் சேர்த்து வாங்கி, எஸ்க்ரோ கணக்கில் வைத்துக் கட்டுகிறது. அவை இரண்டும் வருடத்துக்கு வருடம் ஏறக்கூடும். அதனால், வட்டியை விசாரிக்கும் முன் அந்த வீட்டுக்கு வரி எத்தனை சதவீதம் என்று விசாரியுங்கள் என்பேன்.

ஊரில் நகராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரியை மனதில் வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், கவுன்டி, நகரம் எல்லாவற்றுக்கும் சொத்து வரிதான் பெரிய வருமானம். கூட்டிப் பார்த்தால் பல ஊர்களில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வரும். ஊருக்கு வெளியே புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் ‘மட்’ வரி என்று இன்னொன்றும் இருக்கும். அங்கே தண்ணீர், கழிவுநீர் வசதி செய்ய வாங்கிய கடனை வீட்டுக்காரர்கள் அடைக்கும் வழி அது. விலை குறைவு என்று தள்ளிப்போய் வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

புது வீட்டில் இன்னொரு விஷயம் உண்டு. நண்பர் ஒருவர் இரண்டாம் வருடம் பதறிப்போய் அழைத்தார்.

“அண்ணா, மாசம் ஆயிரம் டாலருக்கு மேல கூடக் கேட்டு லெட்டர் வந்திருக்கு. பேங்க்ல ஏதோ தப்பாப் போட்டுட்டாங்க.”

“முதல் வருஷ வரி ரசீதை எடுப்பா. நிலத்தோட மதிப்புக்குக் கீழ ‘இம்ப்ரூவ்மென்ட்’னு ஒரு லைன் இருக்கும். அதுல என்ன போட்டிருக்கு?”

“சைபர்ண்ணா.”

‘இம்ப்ரூவ்மென்ட்’ என்றால் மனைமேல் இருக்கும் கட்டடம். விஷயம் அங்கேதான் இருந்தது. இங்கே ஜனவரி 1 அன்று இருக்கும் நிலைக்குத்தான் மதிப்புப் போடுவார்கள். அன்று அது வெறும் மனை. 90,000 டாலர் மனைக்கு 2.2 சதவீதம் என்றால் வரி 1,980 டாலர். அடுத்த வருடம் அதே இடத்தில் 4,50,000 டாலர் வீடு நிற்கிறது, வரி 9,900. வித்தியாசம் 7,920. இதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 660. வங்கி பழைய கணக்கிலேயே வாங்கி வந்திருந்தால், கட்டி முடித்த வரியில் விழுந்த துண்டையும் அடுத்த 12 மாதத்தில் வாங்கும். அது இன்னொரு 660. கீழே சொல்லப்போகிற சலுகையால் இது குறையும், ஆனாலும் அதிர்ச்சிதான். பில்டர் காட்டும் மாதத் தொகையில் வரி மனைக்கு மட்டும் போட்டதா, முழு வீட்டுக்கா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். மனைக்கு மட்டும் என்றால், மீதியை முதல் மாதத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.

குடியேறியதும், சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகைக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்திலும் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். பள்ளி வரிக்கான மதிப்பில் 1,00,000 டாலர் கழித்தது 2025 முதல் 1,40,000 ஆகியிருக்கிறது. சலுகை கிடைத்த அடுத்த வருடத்திலிருந்து, வரி போடும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறவும் முடியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அரசுக் கடிதம் போலவே அச்சடித்து, பணம் கேட்டு வருகிற கடிதங்களைக் கிழித்துப் போடலாம்.

வசந்த காலத்தில் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நான் தவறாமல் செய்கிறேன். வரி அதிகம் என்று அங்கே புலம்பிப் பயனில்லை, மதிப்பைப் பற்றி மட்டும்தான் பேச்சு. பக்கத்துத் தெருவில் அதே அளவு, அதே வயதுடைய வீடுகளுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துப் போவேன். நம் வீட்டுப் பழுதின் படமும், அதைச் சரிசெய்யக் கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இன்ஷூரன்ஸில் பிரீமியத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் ஆபத்து. இங்கே ஆலங்கட்டி மழை கூரையை நாசமாக்கிவிடும். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நாம் முதலில் போட வேண்டிய பங்கு வீட்டுக்கான காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். 4,00,000 டாலருக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் நம் கையிலிருந்து. புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி, “உங்க பங்கை நாங்களே பாத்துக்கிறோம்” என்று சொல்லும் கூரைக்காரரை அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பர் முதல் அது டெக்சாஸில் சட்டவிரோதம். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியில் வராது. தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், அதற்கும் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டனில் இந்தப் பாலிசி இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம்.

பராமரிப்பில் எனக்கு அதிகக் கவலை அஸ்திவாரம்தான். டல்லாஸ் பக்கத்து மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி: மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வீடு ஒரு கான்கிரீட் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. மண் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் கதவு மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். கோடையில் சுவரிலிருந்து ஓரடி, ஒன்றரையடி தள்ளி, நீர் கசியும் குழாயைச் சுற்றிப் போட்டு மண்ணை ஒரே ஈரத்தில் வைக்கிறேன். தண்ணீர் பில் கூடும். அஸ்திவாரத்தைத் தூக்கி நிறுத்தும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

ஏசி, வாட்டர் ஹீட்டர் இரண்டுமே பல வீடுகளில் மேலே பரணில் இருக்கும். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் ஏசியின் முக்கிய வடிகால் அடைத்துவிட்டது என்று பொருள். அன்றே பாருங்கள், இல்லையென்றால் சீலிங் நனையும். இவற்றுக்கெல்லாம் வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் ஒதுக்கச் சொல்வார்கள். புது வீட்டில் செலவே இல்லாத வருடங்களிலும் நான் அதைத் தனிக் கணக்கில் போட்டுவருகிறேன்.

வேலை மாறியோ ஊர் திரும்பியோ வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இன்னொன்று. குடியிருப்பது நீங்கள் இல்லை என்றானதும் ஹோம்ஸ்டெட் சலுகையும் அந்த 10 சதவீத வரம்பும் போய்விடும், இன்ஷூரன்ஸையும் வாடகை வீட்டுக்கான பாலிசியாக மாற்ற வேண்டும். வாடகை எவ்வளவு கேட்பது என்று பழைய வரி ரசீதை வைத்து முடிவு செய்யாமல், சலுகை இல்லாத வரியைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.