சாமையும் பை நிறைக்கும் யந்திரமும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலமாகச் சாமை விளைத்து வருகின்றனர். அத்தானியம் மூட்டையாகவே மலையிறங்குமாயின், தோல் நீக்கும் கூலியும் பையிலிட்டு விற்கும் இலாபமும் சமவெளியினர்க்கே சேரும். ஜமுனாமரத்தூரிலேயே அரிசியாக்கிப் பையில் அடைத்தால் அதில் ஒரு பங்கு மலையில் தங்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தோன்றியதன் நோக்கமும் இதுவே.

பை அடைக்கும் யந்திரத்தை வரைபவர் எதனின்று தொடங்க வேண்டும்? புதியவர் பலர் மோட்டாரினின்றும் பற்சக்கரத்தினின்றும் தொடங்குவர். தானியத்தினின்று தொடங்குவதே முறையென்பது எமது கருத்து.

இவ்வகை யந்திரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒரு நிமிர்ந்த குழாயைச் சுற்றி வளைய, அதன் விளிம்புகள் உஷ்ணத்தால் ஒட்டி உறையாகின்றன. அளந்த தானியம் குழாய்வழி அவ்வுறைக்குள் விழும். கீழே இரு சூடான தாடைகள் குறுக்கே கவ்வி, நிறைந்த பையின் வாயையும் அடுத்த பையின் அடியையும் ஒருங்கே ஒட்டும். கத்தி நடுவே அறுக்கும்.

நிமிஷத்துக்கு 30 பைகள் எனக் கொள்வோம். ஒரு பைக்கு 2 விநாடி. அளவுக் கிண்ணத்துக்கும் தாடைக்கும் இடையே 1 மீட்டர் இருப்பின், தானியம் விழ ஏறக்குறைய 0.45 விநாடி ஆகும். முதன்மை அச்சு ஒரு பைக்கு ஒரு சுற்றாயின், அதற்குள் 81 பாகை கடந்துவிடும். அதுவரை தாடைகள் காத்திருத்தல் வேண்டும். உயரத்தைக் கால்பங்காக்கினால் நேரம் பாதியாகவே குறையும். மாணாக்கர் கணக்கிட்டுப் பார்க்க.

இது மணிகளுக்கு மட்டும். சாமையோடு வரும் தவிட்டுத்தூளோ காற்றின் தடையால் பின்தங்கி மிதந்து வரும். தாளில் எழும் நிலைமின்சாரத்தால் அதன்மீது ஒட்டியும் நிற்கும். தாடைகளினிடையே அது அகப்பட்டால், பை மூடியதாகத் தோன்றினும் மயிரிழை போன்ற வழி எஞ்சும். தவிட்டில் எண்ணெய்ப்பசை உண்டாதலின், காற்றும் ஈரமும் புகுந்தால் அரிசி காறும். தீட்டாத அரிசி நல்லதென்று வாங்கிய பட்டணத்தார் மறுமுறை வாங்கார்.

மலையின் உயரமும் இதிற் சேரும். காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்திலுள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. மலையில் மூடிய பை சென்னையை அடைகையில், மலையேறும் வறுவல் பையைப் போல் உப்பாது, சுருங்கும். ஒட்டு நன்றாயின் கேடில்லை. துளையிருப்பினோ, வெளியழுத்தம் ஏற ஏற ஈரக்காற்று உள்ளே புகும்.

தாடையின் சூட்டை ஏற்றினால் போதுமென்பார் சிலர். தாள் உருகுமேயன்றித் தூள் அகலாது. நிறைப்பதற்கு முன்னரே விசிறியால் தூளைப் பிரித்தலும், விழும் உயரத்தைக் குறைத்தலும், நிலைமின்சாரத்தை நீக்கும் கருவி பொருத்துதலுமே தக்க வழிகள்.

எடையைப் பற்றி ஒரு சொல். கிண்ணம் கன அளவையே அறியும். ஈரத்துக்கும் தீட்டலுக்கும் ஏற்ப எடை மாறும். 500 கிராம் பையில் 15 கிராமுக்கு மேற்பட்ட குறைவை 2011-ஆம் ஆண்டின் பொட்டலப்பொருள் விதிகள் பொறுப்பதில்லை. ஆதலின் கிண்ணத்தின் ஆழம் திருகினால் மாற்றத்தக்கதாயிருத்தல் வேண்டும். ஒவ்வொரு குவியல் மாறும்போதும் தராசில் நிறுத்துச் சரிசெய்யலாம்.

பழுதுபார்ப்போர் மலைக்கு எளிதில் ஏறிவருவதில்லை. ஆகவே வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தேனும் யந்திரத்தை எளிதாக வரைதல் நன்று. தானியம் படும் உறுப்புகள் துருப்பிடியா எஃகாகவும், கையால் கழற்றிக் கழுவத்தக்கனவாகவும் இருக்கட்டும். அடிக்கடி தேய்வன தாடையின் மேலுள்ள டெஃப்லான் துணியும் சூடேற்றும் கம்பியுமே. அவ்விரண்டையும் யந்திரத்தின் முன்புறத்திலேயே, அங்கு வேலை செய்யும் பெண்கள் ஒரு திருப்புளியால் மாற்றும்படி அமைத்தல் வேண்டும்.