வட்டி ஓடும் கணக்கும் தூங்கும் கணக்கும்

கேள்வி: ஆறு கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. ஒரு வங்கியில் 40 லட்சம் சிசி லிமிட், வட்டி 11 சதவீதம். அதில் 30 லட்சம் எப்போதும் எடுத்தபடியே இருக்கும். வேறு இரண்டு வங்கிகளில் கரண்ட் அக்கவுண்ட். இரண்டிலும் சேர்த்து 12 லட்சம் வரை கிடக்கும். பெரிய கம்பெனிகள் எல்லாக் கணக்கையும் ஒன்றாக்கி வட்டியைக் குறைப்பார்களாமே? மகன் நடத்தும் கம்பெனியின் கணக்கையும் சேர்க்கலாமா ஐயா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டி கிடையாது. அந்த 12 லட்சம் அங்கே தூங்கும் ஒவ்வொரு நாளும் இங்கே 361 ரூபாய் வட்டி ஏறுகிறது, வருடத்துக்கு 1.32 லட்சம்.

சிசி (கேஷ் கிரெடிட்) வட்டி அன்றன்றைய முடிவு இருப்பின் மீது கணக்கிடப்படுகிறது. பார்ட்டி பணம் மாலையில் வந்தாலும், அன்றே சிசிக்கு மாற்றினால் அன்றைய வட்டி மிச்சம். 2020 டிசம்பர் முதல் ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரமும் உண்டு. வெள்ளிக்கிழமை வந்த தொகையைத் திங்கள் வரை விடுவதுதான் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. டிரைவர் பேட்டா, டீசல், ஃபாஸ்டேக், வண்டி இஎம்ஐக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மீதியை மாற்றுங்கள். ஒரே வங்கியில் கணக்குகள் இருந்தால் இதைத் தானாகச் செய்யும் ‘ஸ்வீப்’ வசதி கேளுங்கள்.

சிசியில் போட்டால் பணம் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு உண்டு. லிமிட் அப்படியேதான் இருக்கும், வேண்டும்போது எடுக்கலாம். ஆனால் உங்கள் தொழிலில் சரக்கு இருப்பு கிடையாது, வரவேண்டிய பில்களை வைத்துத்தான் டிராயிங் பவர், அதாவது எடுக்கக்கூடிய தொகை. பழைய பில்கள் தேங்கினால் அது சுருங்கும், திருப்பி எடுக்க முடியாமல் போகும். அதைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

மத்திய அரசுக்கே இந்தத் தலைவலி இருந்தது. ஒரு பக்கம் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்க, மாநிலங்களுக்கு அனுப்பிய திட்டப் பணம் பல வங்கிக் கணக்குகளில் செலவாகாமல் கிடந்தது. 2021 ஜூலை 1 முதல், ஒரு மாநிலத்தில் ஒரு திட்டத்துக்கு ஒரே மையக் கணக்கு என்று மாற்றினார்கள்.

உங்கள் கணக்குகளின் எண்ணிக்கைக்குச் சட்டத் தடை இல்லை. கடன் வாங்கியவர்கள் வேறு வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் வைப்பது பற்றி 2020 ஆகஸ்டில் இறுக்கிய விதியை, 5 கோடிக்குக் குறைவான கடன் உள்ளவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் தளர்த்திவிட்டது.

மகன் கம்பெனி விஷயம் வேறு. வீடு ஒன்று என்றாலும் சட்டத்தின் முன் அது வேறு ஆள். சில வெளிநாடுகளில், பணத்தை நகர்த்தாமலே குழுமக் கணக்குகளைக் கூட்டிக் கழித்து வட்டி போடுவார்கள். அதற்கு இங்கே இடமில்லை. உங்கள் கம்பெனியிலிருந்து மகன் கம்பெனிக்குப் பணம் போனால் அது கடன். கம்பெனிகள் சட்டம் 185, 186ஆம் பிரிவுகள் குறுக்கே வரும். அரசுப் பத்திர வருவாய்க்குக் குறைவான வட்டிக்குக் கொடுக்கவும் முடியாது. தனியார் கம்பெனிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். போகும்போது சிசி அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப்போங்கள். இணை நிறுவனங்களுக்குப் பணத்தைத் திருப்பக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.